டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்: காலையில் எடுக்காது, சிக்னலில் அணைந்துவிடும்

பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களின் ஸ்டார்ட்டிங், ஐடில் (ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் மெதுவாக ஓடுவது) தொல்லைகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஊட்டியிலிருந்து: பஜாஜ் சேத்தக். குளிரில் சோக் இழுத்தாலும் எடுப்பதில்லை. ஒருபக்கம் சாய்த்து நிமிர்த்தினால் எடுக்கிறது. ஏன் அண்ணா?

சாய்க்கும்போது கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வழிகிறது. அதைத் தர வேண்டியது சோக். ஆக, உங்கள் வண்டியில் சோக் பெயருக்குத்தான் இருக்கிறது. குமிழை இழுக்கும்போது கார்புரேட்டரில் அதன் பிஸ்டன் எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் சோக் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையில், அடைப்பு. கழற்றிக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். இன்னொன்று, சோக் போட்டுக் கிக் அடிக்கும்போது ஆக்ஸிலேட்டரைத் திருகாதீர்கள். திருகினால் சோக் வழியாகப் பெட்ரோலை இழுக்கும் விசை குறைந்துவிடும்.

மதுரையிலிருந்து: சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் சிக்னலில் ஆஃப். ஏர் ஸ்க்ரூவை (காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் திருகு) திருகி வைத்தால் இரண்டு நாள் தாங்குகிறது.

ஸ்லோ ஜெட் அடைப்பு. ஐடிலுக்குப் பெட்ரோல் அந்த ஊசித்துளை வழியாகத்தான் வருகிறது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் வட்டமாகத் தெரிய வேண்டும். சுத்தம் செய்த பிறகே ஸ்க்ரூவைத் தொடுங்கள்: மெதுவாக முழுக்க உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரியாக வையுங்கள். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது, வெளியே எடுத்தால் பெட்ரோல் பங்கு குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர். இது தெரியாமல் திருகுவோர்தான் அதிகம்.

கும்பகோணத்திலிருந்து: ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்சின் அலறுகிறது சார். சில நொடி கழித்துத்தான் அடங்குகிறது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். சத்தம் மாறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கம், சின்ன வேலை. மாறாவிட்டால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறையும் பெட்ரோல் கலவையை உறிஞ்சித் தள்ளுகிற அறைதான், கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ஓர் ஆயில் சீல் (ரப்பர் வளையம்) தேய்ந்தாலும் காற்று உள்ளே போகும். ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தைச் சுற்றி சில சொட்டு 2டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் ஆயில்) விடுங்கள். சத்தம் மாறினால் அங்கே இடையில் இருக்கும் கேஸ்கெட் போயிற்று. மாறவில்லையா? மேக்னட்டை (எஞ்சின் பக்கவாட்டில் மின்சாரம் தரும் சுழல் சக்கரம்) கழற்றிப் பின்னாலுள்ள சீலைப் பாருங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். கியர் பக்கச் சீல் என்றால் வேறு அடையாளம்: வெள்ளைப் புகை அடங்காது, கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும்.

ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்து இதை மறைக்கலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் காற்று கூடிய கலவையில் எஞ்சின் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சிலிண்டர் போரிங் (உட்சுவரைக் கடைவது) வரை போகும். சீல் விலை அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

திருச்சியிலிருந்து: பிளக் அடிக்கடி கறுத்து ஈரமாகிறது. எஞ்சினுக்கு நல்லது என்று பெட்ரோலில் ஆயில் கொஞ்சம் தாராளமாகவே விடுகிறேன்.

அதுதான் காரணம். சேத்தக் மாதிரி வண்டிக்கு லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 2 சதவீதம் போதும். பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர் வையுங்கள். சைலன்ஸரில் கரி சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து: ஆறு மாதம் நின்ற வண்டி. எப்படி எடுப்பது?

பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். இப்போதைய பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது பெட்ரோல், புது பிளக். கிக் அடித்து அடித்து பெட்ரோல் அடைத்துக்கொண்டால் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகியபடி பத்து கிக் அடியுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் இல்லாமல் முயலுங்கள்.