சுருங்கும் பலகை, இறுகும் இழுப்பறை: வீட்டு மரவேலை கேள்வி பதில்

பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அளவுகளைத் தச்சர்கள் பேசும் முறையிலேயே அங்குலத்திலும் நூலிலும் தந்திருக்கிறேன். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்.

சென்னையிலிருந்து: அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனியைத் தவிர எனக்கு வேறு இடமில்லை. முதலில் என்ன கருவிகளை வாங்க வேண்டும்? இயந்திர ரம்பம் இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும். பால்கனியில் இயந்திர ரம்பத்தை ஓட்டினால் முதல் ஞாயிற்றுக்கிழமையே கீழ்வீட்டார் படியேறி வந்துவிடுவார்கள். நுண்ணிய பற்கள் கொண்ட கைவாள் ஒன்று, அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு உளிகள், ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தி), சிறிய இழைப்புளி, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம், நான்கு கிளாம்புகள், கையில் பிடித்து ஓட்டும் ட்ரில்லிங் மெஷின் ஆகியவை தொடக்கத்துக்குப் போதுமானவை. பலகையை வேண்டிய கனத்துக்கு இழைத்துத் தரும் வேலையை மரக்கடையிலேயே கூலி கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

பலரும் வாங்க மறப்பது சாணைக்கல்லைத்தான். கடையிலிருந்து வரும் புதிய உளி வேலைக்கு ஏற்ற கூருடன் இருப்பதில்லை. அதன் முதுகுப்புறத்தைச் சமமாகத் தேய்த்து, முனையை 25 பாகைச் சரிவில் தீட்டிய பிறகே அதை மரத்தில் வைக்க வேண்டும். சாணைக்கல் கிடைக்காவிட்டால், கனமான கண்ணாடித் துண்டின்மேல் வாட்டர் பேப்பரை ஒட்டிக்கொண்டு தேய்க்கலாம். வாங்கும்போதே மூலைமட்டத்தையும் சோதித்துப் பாருங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு கிழித்து, பிறகு மட்டத்தைத் திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு கிழியுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் அந்த மட்டம் தவறானது. கோடுகளுக்கிடையே தெரியும் விலகல், உண்மையான பிழையைப் போல இருமடங்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: மே மாதத்தில் தேக்கில் ஓர் அலமாரி செய்தேன். இழுப்பறைகள் அப்போது வழுக்கிக்கொண்டு போயின. ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டு இழுப்பறைகள் அசையவே மறுக்கின்றன. மரம் ஈரமாக இருந்ததா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

கடைக்காரர்மேல் பழிபோடுவதற்கு முன் மரத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். மரம் எவ்வளவு உலர்ந்திருந்தாலும், சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். கடலோர மாவட்டத்தில் மே மாதக் காற்றுக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் காற்றுக்கும் உள்ள வேறுபாடு, பலகையின் ஈரப்பதத்தைப் பல சதவீதம் ஏற்றி இறக்கப் போதுமானது. இந்த மாற்றம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதுதான் முக்கியம். நார் ஓடும் நீளவாக்கில் மரம் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்கே மாறும்; அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். அதிலும் வளர்வளையத்தின் (அடிமர வெட்டில் வட்டமாகத் தெரியும் கோடு) ஓட்டத்தையொட்டி ஏற்படும் மாற்றம், வளையங்களுக்குக் குறுக்காக ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது வளையத்தையொட்டிய திசையில் சுமார் ஐந்து சதவீதம் சுருங்கும் என்று கொண்டால், ஈரப்பதம் ஆறு சதவீதம் ஏறும்போது அந்தத் திசையில் ஏறத்தாழ ஒரு சதவீதம் விரிவு கிடைக்கிறது. இது நாட்டு மரங்கள் பலவற்றைவிடக் குறைவு. தேக்கை நாம் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கை உங்கள் இழுப்பறைக்குப் பொருத்திப் பாருங்கள். முன்பலகையின் நார் இடவலமாக ஓடுவதால் இழுப்பறையின் அகலம் மாறாது. ஆனால் ஆறு அங்குல உயரமுள்ள பக்கப்பலகைகள் ஏறத்தாழ அரை நூல் உயர்ந்துவிடும். மே மாதத்தில் காகிதம் நுழையும் இடைவெளி விட்டுப் பொருத்தியிருந்தால் கார்த்திகையில் அது இறுகாமல் என்ன செய்யும்? வறண்ட காலத்தில் செய்யும் இழுப்பறைக்கு மேலே ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். மழைக்காலத்தில் செய்வதாக இருந்தால் நெருக்கமாகவே பொருத்தலாம்.

இப்போது செய்ய வேண்டியது இது. இழுப்பறையை மெல்லத் தட்டி வெளியே எடுத்து, எங்கே உரசிப் பளபளப்பாகியிருக்கிறது என்று பாருங்கள். பளபளப்பு மேல் விளிம்பு முழுவதும் இருந்தால் காரணம் ஈரம்தான். ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அலமாரியின் சட்டம் கோணலாக நிற்கிறது, அதற்கு மரத்தை இழைப்பது தீர்வாகாது. ஈரம்தான் என்றால் உரசும் விளிம்பை இரண்டு மூன்று சீவல் மட்டும் இழைத்து, ஓடுபாதையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். கோடையில் சிறிய இடைவெளி தெரியும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வார்னிஷ் அடித்தால் ஈரம் புகாது என்று பலர் நம்புகிறார்கள். வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர, தடுக்காது.

இதே காரணத்தால்தான் அகலமான மேசைப்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டக்கூடாது. 20 அங்குல அகலப் பலகை ஒன்றரை நூல் வரை விரிந்து சுருங்கும். அதற்கு வழிவிடாமல் இறுக்கினால் பலகை நடுவில் வெடிக்கும். சட்டத்தில் நீள்துளையிட்டு, அதன் வழியாகத் திருகாணியைப் போட்டால் பலகை நகர்ந்துகொள்ளும். இழுப்பறையின் அடிப்பலகை கெட்டி மரமாக இருந்தால் அதையும் காடியில் (பக்கப்பலகையில் வெட்டிய நீள்பள்ளம்) செருகி விட வேண்டுமே ஒழிய, பசையால் ஒட்டக்கூடாது.

புதுக்கோட்டையிலிருந்து: எங்கள் தோட்டத்தில் பெரிய வேப்பமரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கொடுக்க மனமில்லை. அதில் பெஞ்ச் செய்ய முடியுமா? வேம்பில் கரையான் ஏறாது என்பது உண்மையா?

பெஞ்ச் செய்யலாம், ஆனால் மரத்தை வெயிலில் கிடக்கவிட்டால் சில வாரங்களிலேயே வெடிப்பு ஓடிவிடும் என்பதால் முதலில் வெட்டுமுனைகளில் பெயின்டையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசிவிடுங்கள். நீர் முனைகளின் வழியாகத்தான் மிக விரைவாக வெளியேறும். அதனால்தான் வெடிப்பும் அங்கேயே தொடங்குகிறது. பிறகு அறுவை மில்லில் கொடுத்து ஒன்றேகால் அங்குலக் கனத்தில் பலகைகளாக அறுத்து வாங்குங்கள். மரத்தின் மையத்தில் ஓடும் நடுத்தண்டு எந்தப் பலகையிலும் வராதபடி அறுக்கச் சொல்லுங்கள். நடுத்தண்டு இருக்கும் பலகை எப்படி உலர்த்தினாலும் விண்டுவிடும்.

அறுத்த பலகைகளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஓர் அங்குல ரீப்பர் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். மேல்வரிசை ரீப்பர், கீழ்வரிசை ரீப்பருக்கு நேர் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை அலைபோல வளைந்துவிடும். அடுக்கின் மேல் கனமான கற்களை ஏற்றி, மழை படாமல் மேற்புறத்தை மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் தார்பாயால் சுற்றினால் பூசணம் பிடிக்கும். எத்தனை மாதம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு மாதக் கணக்கு உதவாது. ஒரு பலகையை அடையாளமிட்டு வாரந்தோறும் எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் அந்த இடத்தின் காற்றுக்கு மரம் ஒத்துப்போய்விட்டது என்று பொருள்.

கரையான் பற்றிய நம்பிக்கை பாதி உண்மை. மரத்தின் உட்புறத்துச் சிவந்த வைரப்பகுதி ஓரளவு நன்றாகவே தாங்கும். வெளிப்புறத்து வெளிர்நிறப் பகுதிக்கு அந்தத் திறன் கிடையாது. வண்டு துளைத்து மாவாக உதிர்வது பெரும்பாலும் அங்கேதான். அதை அறுத்து நீக்கிவிடுங்கள். வேம்பின் நார் ஒரே பக்கமாக ஓடாமல் மாறி மாறிப் பின்னியிருப்பதால் இழைக்கும்போது பிய்ந்து வரும். கூரான அலகை மிகக் குறைவாக வெளியே நீட்டி, மெல்லிய சீவலாக எடுத்தால் சமாளிக்கலாம்.

கோவையிலிருந்து: தொழிற்சாலைகளில் கிடைக்கும் பழைய பேலட் பலகைகளில் காய்கறிச் செடித் தொட்டி செய்யலாமா?

பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பன்னாட்டுச் சரக்குப் போக்குவரத்தில் பயன்படும் மரப் பொதிகளுக்கான விதிப்படி பூச்சிநீக்கம் செய்யப்பட்டது என்பதற்கு அது அடையாளம். அதில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியிருக்கிறார்கள், அதைப் பயன்படுத்தலாம். எம்.பி. என்று இருந்தால் அது மீதைல் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது. உண்ணும் செடிக்கு வேண்டாம். முத்திரையே இல்லாதது, எண்ணெய் அல்லது ரசாயனக் கறை படிந்தது ஆகியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள், இலவசமாகக் கிடைத்தாலும் சரி. பச்சைநிறம் ஏறிய பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏறியிருக்க வாய்ப்புண்டு. அது கீரைப் பாத்திக்கு ஆகவே ஆகாது.

பேலட்டுகளில் பெரும்பாலும் இருக்கும் பைன் போன்ற மென்மரம் ஈரமண்ணோடு ஒட்டியிருந்தால் விரைவில் உளுத்துப்போகும். தொட்டியின் உட்புறத்தில் கனமான பிளாஸ்டிக் தாளை அடித்து, அடியில் வடிதுளைகள் விட்டு, செங்கல்மேல் தூக்கி வைத்தால் ஆயுள் கூடும்.

திருநெல்வேலியிலிருந்து: சிட்டுக்குருவிக்குப் பெட்டி செய்து மாட்டினேன். குருவி வரவில்லை, அணில்தான் வருகிறது.

நுழைவுத் துளையின் அளவைச் சரிபாருங்கள். சிட்டுக்குருவிக்குப் பத்து நூல், அதாவது 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். துளையின் கீழே அழகுக்காக வைக்கும் குச்சியை எடுத்துவிடுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, வேட்டையாட வரும் பிராணிகளுக்குத்தான் பிடிமானம். ஆறு நூல் கனப் பலகையில் செய்து, உட்புறத்தை இழைக்காமலும் பூச்சில்லாமலும் விட்டால் குஞ்சு பற்றி ஏற வசதியாக இருக்கும். அடியில் சிறிய வடிதுளைகளையும், சுத்தம் செய்வதற்குத் திறக்கும் மூடியையும் வையுங்கள். மாலை வெயில் படாத சுவரில், கூரை நீட்டலுக்குக் கீழே மாட்டுங்கள்.

மதுரையிலிருந்து: ஆறு நூல் பிளைவுட்டில் ஐந்தடி நீளப் புத்தகத் தட்டு செய்தேன். ஒரே ஆண்டில் நடுவில் தொய்ந்துவிட்டது. மட்டமான பிளைவுட்டா?

தரத்தைவிட நீளம்தான் காரணம். புத்தகங்கள் சீராக நிரம்பிய தட்டின் தொய்வு, நீளத்தின் நான்காம் மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. நீளத்தை இருமடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். கனத்தை இருமடங்காக்கினால் அது எட்டில் ஒரு பங்காகக் குறையும். எனவே நடுவில் ஒரு தாங்குபலகையை நிறுத்தி, ஐந்தடியை இரண்டரை இரண்டரை அடியாகப் பிரித்துவிடுவதே மலிவான வழி. நடுவில் தடுப்பு வேண்டாம் என்றால், முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரமுள்ள கெட்டிமரச் சட்டத்தைச் செங்குத்தாக ஒட்டுங்கள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறியீடுள்ள மரைன் பிளைவுட் நீரைத் தாங்குவதற்கானது. சமையலறைத் தொட்டியின் அடிக்கு அது வேண்டும், புத்தகத் தட்டுக்குத் தேவையில்லை.

சேலத்திலிருந்து: தேக்கில் பசை பிடிப்பதில்லை. திருகாணிதான் போட வேண்டுமா?

தேக்கில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்தான் பசையைப் பிடிக்கவிடாமல் செய்கிறது. ஒட்டும் பரப்பைப் புதிதாக இழைத்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்தவுடனே வெள்ளைப் பசையைப் பூசிக் கிளாம்ப் போடுங்கள். ஒன்று மட்டும்: பலகையின் அறுத்த முனையில் எந்த மரத்திலும் பசை சரியாக நிற்காது. அங்கே திருகாணியோ துளையில் செருகும் நாக்கோ அவசியம்.

ஊட்டியிலிருந்து: வெளியில் கிடக்கும் தேக்கு பெஞ்சுக்கு என்ன பூச்சு நல்லது?

பூச்சே இல்லாமல் விடுவதுதான் என் பரிந்துரை. தேக்கு சாம்பல் நிறமாக மாறும்; உறுதி குறையாது. படலமாகப் படியும் வார்னிஷ் வெயிலில் உரிந்து, அதைச் சுரண்டும் வேலையை ஆண்டுதோறும் கொடுக்கும். நிறம் வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, அவ்வப்போது புதுப்பிக்கலாம். ஆனால் எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் உண்டாகி, யாரும் பற்றவைக்காமலேயே துணி தீப்பிடிக்கும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. துணியை விரித்து வெளியில் முழுவதும் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

ஈரோட்டிலிருந்து: வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. மரத்தூள் அவ்வளவு கெடுதலா?

ஆம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. இது தொழிலாக ஆண்டுக்கணக்கில் தூளைச் சுவாசித்தவர்களைப் பார்த்து எட்டிய முடிவு என்றாலும், உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத நுண்தூளை அலட்சியப்படுத்தக்கூடாது. என்-95 முகக்கவசம் அணியுங்கள். குழந்தை தூங்கும் அறையையொட்டித் தேய்க்கும் வேலையைச் செய்யாதீர்கள். தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இழைப்புளியில் வரும் சீவல் காற்றில் மிதக்காது என்பதால், இழைத்து முடிக்கக்கூடியதை உப்புத்தாளால் தேய்க்காமல் இருப்பதே நல்லது.

தஞ்சாவூரிலிருந்து: வீணை செய்பவரிடமிருந்து இரண்டு பலாப் பலகைத் துண்டுகள் கிடைத்தன. மணைப்பலகை செய்யலாமா? மஞ்சள் நிறம் நிலைக்குமா?

நன்றாகச் செய்யலாம். வீணைக்கென்று எடுத்து உலர்த்திய பலா என்பதால் ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கணுவும் வெடிப்பும் இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறம் நிலைக்காது. வெளிச்சம் பட்டபட்ட இடம் தேன்பழுப்பாகி, பிறகு செம்பழுப்பாகக் கறுக்கும். எந்தப் பூச்சும் இதை முற்றாக நிறுத்தாது. செய்து முடித்த முதல் சில மாதங்களுக்கு மணையின்மேல் எதையும் நிரந்தரமாக வைக்காமல், அவ்வப்போது திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் பொருள் இருந்த இடம் மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரியும்.