அடும்பங்கொடியின் பெயரில் ஆட்டுப் பாதம் எப்படி வந்தது?

தனுஷ்கோடி மணலில் ஊதாப் பூக்களோடு படரும் அடும்பங்கொடியின் அறிவியல் பெயர் 'ஐபோமியா பெஸ்-காப்ரே' ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெஸ்-காப்ரே என்றால் லத்தீனில் வெள்ளாட்டின் பாதம். இலையைப் பாருங்கள்: நுனி பிளந்து, அப்படியே குளம்புத் தடம்! 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்த அடைமொழியைச் சூட்டினார். ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, குறுந்தொகையின் 243ஆம் பாடல் இதே கவட்டு இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டுவிட்டது. எவ்வளவு கூர்மையான கண்! எனக்கு மான்தான் பொருத்தமாகப் படுகிறது. ஐபோமியா என்பது கிரேக்க மூலம்; 'புழுவைப் போன்றது' என்று பொருள்.

வீட்டில் வளர்க்க, கணுவுள்ள தண்டுத் துண்டு ஒன்றை மணலில் புதைத்தால் போதும், வேர்விடும். கடற்கரைக் கொடியை மட்டும் வேரோடு பிடுங்காதீர்கள். மணல்மேட்டைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான்.