‘பத்தி’ என்றால் பாராவா (paragraph), காலமா (column)? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இரண்டும்தான். அதில் ஒருமுறை மாட்டிக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு மலருக்குக் கட்டுரை கொடுத்திருந்தேன். பக்கம் வடிவமைப்பவர், “ரெண்டு பத்தியாப் பிரிச்சிடலாமா?” என்று கேட்டார். நானும் நடுவில் ஓர் இடத்தில் என்டர் தட்டி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டதோ, பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கலாமா என்று!

வேரைப் பார்த்தால் இருவர் மேலும் தப்பில்லை. வடமொழியில் ‘பங்க்தி’ என்றால் வரிசை. ஐந்தைக் குறிக்கும் ‘பஞ்ச’வோடு உறவுள்ள சொல் அது. ஐந்தின் தொகுதி என்பது பழைய பொருள். எட்டு அசை கொண்ட அடிகள் ஐந்து வரும் வேத யாப்புக்கும் அதுதான் பெயர். அப்புறம் எண்ணிக்கை உதிர்ந்து வரிசை மட்டும் நின்றது. ‘க்’கை அடுத்துத் ‘த’ வருவது தமிழ் நாக்குக்கு ஒத்துவராதே, அதனால் இங்கே பத்தி என்றும் பந்தி என்றும் இரண்டாகப் பிரிந்தது. ‘பந்திக்கு முந்து’ என்கிறோமே, அந்தப் பந்திதான். இலங்கைத் தமிழர்கள் பாராவையே பந்தி என்று எழுதுவார்கள். ‘மூன்றாம் பந்தியைப் பார்க்க’ என்று முதலில் படித்தபோது எனக்கு இலைதான் கண்முன் வந்தது.

வரிசை கிடையாகப் போகிறதா, மேலிருந்து கீழே இறங்குகிறதா என்று இந்தச் சொல் சொல்வதே இல்லை. வாக்கியங்கள் தொடர்ந்தால் பாரா, வரிகள் அடுக்காக இறங்கினால் காலம். பத்தி எழுத்தாளர் என்பது இரண்டாவது பொருளில். அவர் எழுதும் ஒரு பத்திக்குள் முதல் பொருளில் பத்துப் பத்திகள் இருக்கும்!

ஊதுபத்தி வேறு, அது திரி என்று பொருள்படும் ‘வர்த்தி’யிலிருந்து வந்தது. பழைய பாடல்களில் வரும் பத்தி, பக்தி. ‘அதைப் பத்தி’ என்பது பற்றி, பற்று என்ற தமிழ் வினை.

கணக்குப் புத்தகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்களைக் கட்டமாக அடுக்கும் அணிகளில் (matrix) கிடையாக இருப்பது நிரை, நெடுக்காக இருப்பது நிரல். சரி, பக்கத்துக்கும் அப்படி ஒன்று வரும்வரை வடிவமைப்பவரிடம் நான் பாரா, காலம் என்றே சொல்லிவிடுகிறேன்.