கோலாலம்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பவர் பத்திரம் அனுப்ப, கமிஷனர் ஃபார் ஓத்ஸ் முத்திரை போதுமா?

போதாது. நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். பத்திரம் ஊர்வரை போய்த் திரும்பி வந்தது, இரண்டு மாதம் வீணானது.

உங்கள் அப்பாவுக்கு ஊரில் பூர்வீக வீட்டில் பங்கு இருக்கிறது, அதைச் சித்தப்பா பெயரில் பவர் கொடுத்து முடிக்கவேண்டும் என்கிறீர்கள். 2023-ல் என் அம்மாவுக்கும் இதே நிலைதான். தாத்தா இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் சிவகங்கைப் பக்கம் கட்டிய வீடு அது. அம்மா கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு இருக்கிறார், பத்திர அலுவலகத்துக்கு அலைய வேண்டியவர் ஊரில் இருக்கும் மாமா.

கமிஷனர் ஃபார் ஓத்ஸ் என்பவர் இங்கே மலேசியாவுக்குள் பயன்படும் சத்தியப் பிரமாணங்களுக்கானவர். வெளிநாட்டுக்குப் போகும் பத்திரத்துக்கு நோட்டரி பப்ளிக் வேண்டும். அவர் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டத்துறைத் தலைவர் நியமித்த வழக்கறிஞர். எல்லா வக்கீலும் நோட்டரி இல்லை, கேட்டுவிட்டுப் போங்கள். இந்தியப் பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவும், வெளிநாட்டில் இருப்பவர் கொடுக்கும் பவர் ஒரு நோட்டரி, நீதிமன்றம் அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்தாகியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. 'முன்னால்' என்பதைக் கவனியுங்கள். அப்பா வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகக் கூடாது.

நோட்டரிக்குப் பிறகு நாங்கள் போனது புத்ராஜெயா, வெளியுறவு அமைச்சு இருக்கும் விஸ்மா புத்ரா. கேஎல் சென்ட்ரலில் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயில் ஏறினால் புத்ராஜெயா நிலையம், அங்கிருந்து ஒரு கிராப் வாடகைக் கார். அதன் பிறகு மோன்ட் கியாராவில் இந்தியத் தூதரகம். 'அபோஸ்டில் வாங்கினால் போதும்' என்று பலர் சொல்வார்கள். அபோஸ்டில் என்பது ஒரு சர்வதேச ஒப்பந்தப்படி தரும் ஒற்றைச் சான்று, ஒப்பந்த நாடுகளுக்குள் தூதரக முத்திரை இல்லாமலே செல்லும். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் 2005-லிருந்து இருக்கிறது, சிங்கப்பூர் 2021-ல் சேர்ந்தது. ஆனால் நாங்கள் அலைந்த சமயத்தில் மலேசியா அதில் இல்லை. அதனால் சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்கள் சொன்ன வழி எங்களுக்கு உதவவில்லை.

சரி, இதெல்லாம் அலைச்சல்தான், அலைந்தால் முடிந்துவிடும். எங்களை உண்மையில் வாட்டியது அம்மாவின் பெயர்.

ஊர் வாரிசுச் சான்றில் அம்மா 'லட்சுமி'. இங்கே பிறப்புப் பத்திரத்தில், அந்தக் காலத்துத் தோட்டக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய 'லெச்சுமி'. ஐசி என்கிற அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் ஆங்கிலத்தில் எல், இ, டி, சி, எச் என்று தொடங்கும் 'லெட்சுமி', பின்னால் 'மகள்' என்று பொருள்படும் 'அனாக் பெரம்புவான்' போட்டுத் தாத்தா பெயர். தாத்தா பெயரோ ஊர்ப் பத்திரத்தில் கருப்பையா, இங்கே கருப்பன். ஊரில் பத்திரத்தைப் பார்ப்பவருக்கு இவர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள்.

இதை எந்த முத்திரையும் சரிசெய்யாது. நோட்டரி பார்ப்பது ஐசியில் உள்ள ஆள்தான் கையெழுத்துப் போடுகிறாரா என்று. விஸ்மா புத்ரா பார்ப்பது நோட்டரியின் கையெழுத்தை. தூதரகம் பார்ப்பது விஸ்மா புத்ராவின் கையெழுத்தை. பத்திரத்துக்குள் இருக்கும் லட்சுமியும் ஐசியில் இருக்கும் லெட்சுமியும் ஒருவர்தானா என்று வழியில் யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியில் சார்பதிவாளர்தான் கேட்பார், அப்போது நீங்கள் கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பீர்கள்.

அதனால் இரண்டாவது முறை பத்திரத்திலேயே 'லெட்சுமி என்கிற லட்சுமி, கருப்பன் என்கிற கருப்பையாவின் மகள்' என்று எழுதினோம். எல்லாப் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று அம்மா தனியாக ஒரு உறுதிமொழியும் கொடுத்தார். அதையும் அதே நோட்டரி, அதே விஸ்மா புத்ரா, அதே தூதரகம் என்று பத்திரத்தோடு சேர்த்தே கொண்டுபோனோம். பிறப்புப் பத்திரம் மலாயில் இருந்தால் ஆங்கிலத்தில் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள், 'மலேசிய மொழிபெயர்ப்பு மற்றும் புத்தக நிறுவனம்' என்ற அமைப்பில் செய்து தருவார்கள்.

வீட்டின் சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் மூலப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். அப்புறம், தயவுசெய்து 'எல்லாச் சொத்துக்கும் எல்லா அதிகாரமும்' என்று கொடுக்காதீர்கள். சித்தப்பா தங்கமானவராகவே இருக்கட்டும். ஒரு வீட்டு வேலைக்கு அந்த ஒரு வீட்டுக்கான அதிகாரம் போதும். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று தாளிலேயே இருந்தால் நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வராது.

பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்ததும் ஒரு கெடு ஓட ஆரம்பிக்கிறது. வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அது. கையெழுத்துப் போட்ட நாள் கணக்கில்லை, போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. அந்த நாளைக் காட்ட கூரியர் உறை உதவும், அதைக் கிழித்துப் போடவேண்டாம் என்று சித்தப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மாமா பத்திரத்தைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டு, நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்று இருந்தார். நான் தொலைபேசியில் கெஞ்சித்தான் கிளப்பினேன்.

அவர் பதிவுக்குப் போனபோது, அம்மா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அண்மைத் தேதியிட்ட சான்று கேட்டார்கள். அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் செல்லாது, அதனால் கேட்பது நியாயம்தான். ஆனால் எழுபத்திரண்டு வயதில் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்ற தாளைக் காட்ட மறுபடி நோட்டரி முன்னால் போய் உட்கார்ந்த அன்று அம்மா வீடு வரும்வரை பேசவில்லை. உங்கள் அப்பாவிடம் இதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி வையுங்கள். பதிவு நாள் உறுதியானதும் எடுங்கள், முன்னதாக எடுத்தால் தேதி பழையதாகிவிடும்.

இப்போதைக்கு நோட்டரியைத் தேடவேண்டாம். மூலப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் சித்தப்பாவை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவின் ஐசியைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தாத்தா பெயரையும் சேர்த்து.