லி பாயின் நிலவுக் கவிதையில் வரும் ‘சுவாங்’ கட்டிலா, கிணற்றுத் தடுப்பா?

சீனாவின் தாங் அரசமரபுக் காலக் கவிஞர் லி பாய் (701–762), சுவாங்கின் முன்னே விழுந்த நிலவொளியைத் தரையில் படிந்த உறைபனியோ என்று ஐயுறுகிறார். சுவாங் என்றால் பொதுவாகக் கட்டில். அன்று உட்காரும் இருக்கைக்கும், கிணற்றைச் சுற்றிய தடுப்புக்கும் அதே பெயர்தான். நம் ‘படி’ வாசலிலும் இருக்கும், அரிசியும் அளக்கும்; பக்கத்துச் சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

இங்கே பக்கத்துச் சொல் உறைபனி. அது வெளித்தரையில் படிவது. அவருடைய இன்னொரு கவிதையில் சிறுவன் பச்சைப் பிளம் காய்களோடு சுவாங்கைச் சுற்றி விளையாடுகிறான். சுவரோரக் கட்டிலை எப்படிச் சுற்றுவது? ஆனால் வெளியே நிற்பவர் நிலவைப் பனியென மயங்குவாரா? தூக்கம் கலைந்து படுக்கையில் கிடப்பவருக்கே அது பொருந்தும். எனக்கு இந்த வாதம்தான் கனமாகப் படுகிறது.

கிணற்றுப் பொருள் இக்கால ஆய்வாளர்கள் இட்டுக்கட்டியது என்பது தவறு: தாங் காலத்துக்கு முந்தைய பாடலிலேயே, தோட்டத்தில் கிணறு தோண்டி அதற்கு வெள்ளியால் சுவாங் செய்கிறார்கள்.