2014–2017இல் லாவ்மன் வகித்த பதவி

கார்ல்-யோசெஃப் லாவ்மன் 2014 முதல் 2017 வரை ஜெர்மனியின் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அவர் அந்த அமைச்சகத்தில் செயலர் நிலையில், நோயாளிகளின் நலனுக்கும் பராமரிப்புத் துறைக்கும் அரசு நியமித்த பொறுப்பாளராக இருந்தார்.

வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் 2005–2010 காலத்திலும், மீண்டும் 2017 முதலும், தொழிலாளர், சுகாதாரம், சமூக நலம் ஆகிய துறைகளுக்கு அவர் அமைச்சராக இருந்ததே இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். இயந்திர ஃபிட்டராகத் தொழில் கற்று ஆலையில் உழைத்த ஒருவர் தொழிலாளர் துறைக்கே அமைச்சரானதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரிபார்க்க, அக்கால மத்திய அமைச்சரவைப் பட்டியலைப் பாருங்கள். சுகாதாரத்துக்கு நேரே ஹெர்மன் குரோயெ என்றிருக்கும். ஆனால், 2010–2013இல் லாவ்மன் மாநிலச் சட்டமன்றத்தில் தம் கட்சிக் குழுவின் தலைவராக இருந்த ஆண்டுகளை அமைச்சர் பதவிக்காலத்தோடு சேர்த்துவிடாதீர்கள்.