தற்செயலும் பொறுப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் தெரு கேரம் கிளப்பில் சின்ன வயதிலிருந்து என்னோடு ஆடிய நண்பன் ஒருவன் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது. வேலை முடிந்து சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வர ரொம்ப நேரமாகிவிட்டது. அன்று மாலை கிளப் வாசலில் பெரிய அடிதடி. ஒருவர் சாகப் பிழைக்கக் கிடந்தார். கட்டையை எடுத்தவர்களில் நண்பனும் ஒருவன். ஜெயிலுக்குப் போனான். நான் அங்கே இருந்திருந்தால் நானும் எடுத்திருப்பேன். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்று எனக்கு வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறது. அவன் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறான். எல்லாம் தற்செயல் என்றால் என்னை நல்லவன் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்றால் அவன் மேல் என்ன தப்பு? நாம் நினைப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று ஒரு வீடியோவில் பரிசோதனையோடு சொன்னார்கள். இதையெல்லாம் ஆசீவகர்கள் என்ற பழங்காலத் துறவிகள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்கிறார் கூட வேலை செய்யும் அண்ணன். அவனைப் போய்ப் பார்க்க வேண்டும். என்ன பேசுவதென்று தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மழையிலிருந்தே தொடங்குகிறேன். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதற்குக் காரணம் உண்டு: தாழ்வான இடம், வடியாத மழை. கிளப் வாசலில் அடிதடி மூண்டதற்கும் காரணம் உண்டு: ஏதோ பழைய பகை, ஏதோ ஒரு வார்த்தை. இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. அன்று மாலை உங்கள் வாழ்க்கையில் இரண்டும் குறுக்கிட்டன. 1843இல் கூர்னோ என்ற பிரெஞ்சு கணித அறிஞர் தற்செயலை இப்படித்தான் விளக்கினார். தனித்தனியே ஓடும் காரணத் தொடர்கள் ஒரு புள்ளியில் சந்திப்பதுதான் தற்செயல். ஆக, தற்செயல் என்றால் காரணமே இல்லாதது என்று எண்ண வேண்டியதில்லை.

காரணமே இல்லாதது என்று சொல்லத்தக்க ஒன்று இயற்பியலில் உண்டு. கதிரியக்க அணு ஒன்று எந்தக் கணத்தில் சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கான அணுக்களில் பாதி எவ்வளவு காலத்தில் சிதையும் என்று மட்டும் துல்லியமாகச் சொல்லலாம். நமக்குத் தெரியாத ரகசியக் காரணம் அணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கலாமே என்ற எளிய பதிலை 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் நிறுவிய தேற்றமும், அதையொட்டி நடந்த பரிசோதனைகளும் மிகவும் நெருக்கிவிட்டன. அந்தப் பரிசோதனைகளுக்குத்தான் 2022இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஆனால் இதில் நமக்கு ஆறுதல் எதுவும் இல்லை. என் மூளைக்குள் ஓர் அணு காரணமின்றிச் சிதைந்து, அதனால் என் கை ஓங்கியது என்றால் அது என் செயலே அல்ல. சுதந்திரத்தைத் தற்செயலில் தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள் என்பது என் திடமான எண்ணம்.

இனி அந்த வீடியோ. அது சொல்வது மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். கடிகார முகத்தில் ஒரு புள்ளி சுற்றிக்கொண்டிருக்கும். அசைக்க வேண்டும் என்று தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். அசைக்க எண்ணிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். எண்ணம் எழுந்ததாகச் சொன்ன நேரம், அசைவுக்குச் சுமார் 200 மில்லி விநாடி முன்பு. மூளையின் மின் அலையோ சுமார் 550 மில்லி விநாடி முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. உடனே, மூளை முடிவெடுக்கிறது, மனம் பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறது என்று உலகமெல்லாம் எழுதிவிட்டார்கள்.

ஆரன் ஷர்கரும் அவர் குழுவினரும் 2012இல் அதே அலையை வேறு விதமாகப் படித்தார்கள். மூளையில் மின் ஏற்ற இறக்கம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கணத்தில் அசை என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லாதபோது, அந்த ஏற்ற இறக்கம் தற்செயலாக எப்போது ஒரு வரம்பைத் தாண்டுகிறதோ அப்போது கை அசைகிறது. அசைந்த கணங்களை மட்டும் வரிசைப்படுத்திப் பின்னோக்கிச் சராசரி எடுத்தால், முன்பே முடிவெடுத்துவிட்டதைப் போல ஓர் ஏற்றம் தெரியும். 2019இல் உரி மாவோஸ் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டு தொண்டு நிறுவனங்களில் ஒன்றுக்கு உண்மையாகவே பணம் போகும். எதற்கென்று தேர்ந்தெடுங்கள் என்றார்கள். எதைத் தொட்டாலும் பணம் சமமாகத்தான் போகும் என்றபோது அந்த அலை வந்தது. தேர்வால் உண்மையில் வேறுபாடு விளையும் என்றபோது அலை இல்லை, அல்லது மிகவும் மங்கியிருந்தது. மணிக்கட்டை அசைப்பதைப் பார்த்து மனிதனின் முடிவுகள் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதியது அவசரம். யோசித்து எடுக்கும் முடிவும் மூளையில்தான் நடக்கிறது, அதற்கும் காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் காரணங்களில் உங்கள் யோசனையும் ஒன்று. பொறுப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய அடித்தளம் எதுவும் வேண்டியதில்லை.

ஆசீவகர் பற்றி அண்ணன் சொன்னது ஓரளவு சரி. அவர்களின் தலைவர் மற்கலி கோசாலர், புத்தருக்கும் மகாவீரருக்கும் சமகாலத்தவர். எல்லாம் நியதிப்படி, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவர் பெயரில் வரும் கொள்கை. ஆனால் ஆசீவகர் தாமே எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. எதிர்த்து வாதாடியவர்கள் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறோம். மணிமேகலையில் ஓர் ஆசீவகவாதி வருகிறார். காப்பிய நாயகியோ கடைசியில் பௌத்தம் சொல்லும் வேறொன்றைத்தான் ஏற்கிறாள். பேதைமையில் தொடங்கி வினைப்பயன் வரை, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு கண்ணிகள். ஒன்று நீங்கினால் அடுத்ததும் நீங்கும். எனக்கு இதில் மிகப் பெரிய துணிவு கிடைக்கிறது. காரணம் இருப்பதால்தானே அதை மாற்ற முடிகிறது? எதற்கும் காரணம் இல்லாத உலகில் யாரும் யாரையும் திருத்தவோ காப்பாற்றவோ முடியாது.

நீங்கள் நல்லவரா என்ற கேள்விக்கு வருகிறேன். அன்று தப்பியது உங்கள் தகுதியால் அல்ல; அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவ அறிஞர்களும் இந்தச் சிக்கலையே எடுத்துப் பேசினார்கள், இன்னும் யாரும் அதை முழுதாகத் தீர்த்துவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளையும் மழை தரவில்லை. அதேபோல், கட்டையை எடுத்தது உங்கள் நண்பரின் கைதான். சூழல் அவரைத் தள்ளியது உண்மை, அங்கே நின்ற எல்லோரும் எடுத்துவிடவில்லை என்பதும் உண்மையாக இருக்கும்.

ஆகவே அவரிடம் எல்லாம் விதி என்று சொல்லாதீர்கள். வருந்தவும் மாறவும் அவருக்கு இருக்கும் உரிமையை அது பறித்துவிடும். நானும் எடுத்திருப்பேன் என்று எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள். பிறகு அவர் பேசட்டும். வழக்கில் உள்ளே போய் வந்தவருக்கு வேலை தரத் தயங்குவார்கள், தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்றுச் சொன்னால்தான் கதவு திறக்கும். உங்களுக்குத் தெரிந்த இடம் ஏதாவது இருந்தால் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.